அல்சைமருக்கு சைக்கியாட்ரிஸ்ட் எதுக்கு? யார்கிட்ட போறது, என்ன கேக்குறது

எங்க பெரியம்மாவுக்கு அல்சைமர்னு டாக்டர் சொன்னப்ப நாங்க எல்லாரும் பயந்தது ஒண்ணே ஒண்ணுக்குத்தான், ஒருநாள் நம்ம பேரையே மறந்துடுவாங்களேன்னு. ஆனா பேர் மறக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே வேற ஒண்ணு வந்துச்சு. ராத்திரி 2 மணிக்கு எழுந்து லைட்டைப் போட்டு, என் பர்ஸை நீதானே எடுத்தன்னு என் தங்கச்சியைப் பார்த்துக் கத்துவாங்க. பர்ஸ் தலையணை உறைக்குள்ள இருக்கும், அவங்களே ஒளிச்சு வச்சது. எடுத்துக் காட்டினா, பாத்தியா மாட்டிக்கிட்டதும் கொண்டு வந்து வச்சுட்டன்னு இன்னும் கோவம் வரும். நியூராலஜிஸ்ட் ஞாபகத்துக்கு மாத்திரை எழுதிட்டு, இதுக்கு ஒரு சைக்கியாட்ரிஸ்ட்டையும் பாத்துருங்கன்னு சொன்னார். வீட்ல உடனே, ஏன் அவங்க என்ன பைத்தியமான்னு ஒரு சண்டை. அந்த சண்டையில 8 மாசம் போச்சு. அந்த 8 மாசம் வேற யாருக்கும் வீணாப் போக வேணாம்னுதான் இதை எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, பாத்துக்கிட்ட ஆள், அவ்ளோதான்.

முதல்ல பேர் குழப்பத்தை முடிச்சிடலாம். டிமென்ஷியாங்கறது ஒரு நிலைமையோட பேர், அதாவது ஞாபகம், யோசிக்கிறது, பேச்சு எல்லாம் சேர்ந்து அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்குக் குறையுறது. அதுக்குப் பல காரணம் உண்டு, அதுல பெரிய காரணம் அல்சைமர், டிமென்ஷியா கேஸ்ல 60-லேர்ந்து 70 சதவீதம் இதுதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மூளையில பீட்டா அமிலாய்டுன்னு ஒரு புரதம் செல்லுக்கு வெளிய திட்டுத் திட்டா படியும், டாவ்னு இன்னொரு புரதம் செல்லுக்கு உள்ள சிக்கு விழுந்த நூல் மாதிரி முறுக்கிக்கும், இது வெளிய தெரியறதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடும். புது விஷயத்தைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ்ங்கற இடத்துல சீக்கிரமே அடி விழுறதாலதான் 40 வருஷம் முன்னாடி நடந்த கல்யாணம் ஞாபகம் இருக்கும், காலையில சாப்டது இருக்காது.

இங்க ஒரு விஷயம், பல பேருக்குத் தெரியாது. இந்த நோய்க்குப் பேர் கொடுத்த அலாய்ஸ் அல்சைமரே ஒரு சைக்கியாட்ரிஸ்ட்தான். 1901-ல ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு அகஸ்டே டீட்டர்னு 51 வயசு அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்களுக்கு முதல்ல தெரிஞ்ச அறிகுறி என்னன்னு அவர் எழுதி வச்சிருக்கார் தெரியுமா, புருஷன் மேல சந்தேகம். அப்புறம்தான் மறதி. சாமானை இங்கயும் அங்கயும் தூக்கிட்டுப் போய் ஒளிச்சு வைப்பாங்கன்னும் எழுதியிருக்கார். இதைப் படிச்சப்ப எனக்குத் தலையணை உறைதான் ஞாபகம் வந்துச்சு. 1906-ல அவங்க இறந்ததுக்கு அப்புறம் மூளையை மைக்ரோஸ்கோப்ல பாத்து அந்தத் திட்டையும் முறுக்கையும் கண்டுபிடிச்சார், 1910-ல க்ரேப்பலின்ங்கற இன்னொரு சைக்கியாட்ரிஸ்ட் தன்னோட பாடப்புத்தகத்துல அல்சைமர் நோய்னு பேர் வச்சார். ஆக, சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட போறதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, இது அவங்க டிபார்ட்மென்ட்ல பொறந்த நோய்.

சரி, யார்கிட்ட முதல்ல போறது? வழக்கமா பாக்குற டாக்டர்கிட்டயே போங்க. ஏன்னா மறதி எல்லாம் அல்சைமர் கிடையாது. பி12 குறைஞ்சாலும் மறதி வரும், தைராய்டு மந்தமானாலும் வரும், எப்பவோ விழுந்ததுல மண்டைக்குள்ள மெதுவா ரத்தம் கட்டியிருந்தாலும் வரும், காது சரியா கேக்கலைன்னா சொன்னதே உள்ள போகாது, அதையும் நாம மறதின்னு நினைச்சுப்போம். அப்புறம் மாத்திரைங்க. தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரை, அடிக்கடி யூரின் போறதைக் குறைக்கக் கொடுக்குற சில மாத்திரை, இதெல்லாம் வயசானவங்களுக்கு மூளையை மந்தமாக்கும். இதுல ஒரு கூத்து, அல்சைமருக்குக் கொடுக்குற மாத்திரையில பலது மூளையில அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனத்தைக் கூட்டப் பாக்கும், யூரின் மாத்திரையில சிலது அதே ரசாயனத்தைத் தடுக்கும், ரெண்டையும் ரெண்டு டாக்டர் எழுதிக் கொடுத்து, ஒரே டப்பாவுல போட்டு நாம கொடுத்துட்டு இருப்போம். அதனால வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும், பல்வலிக்கு வாங்கி மிச்சம் இருக்கிறது உள்பட, ஒரு பையில அள்ளிப் போட்டுக் கொண்டு போங்க. சீட்டு மட்டும் போதாது, சீட்டுல ஒண்ணு இருக்கும், சாப்டுறது வேறயா இருக்கும்.

ரத்த டெஸ்ட், எம்ஆர்ஐ இல்லன்னா சிடி ஸ்கேன் எல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் ஸ்பெஷலிஸ்ட். நியூராலஜிஸ்ட் மூளை, நரம்பு பக்கம் பாப்பார், இது அல்சைமரா, மூளை செல்லுக்குள்ள வேற ஒரு புரதம் படியறதால வர்ற லூயி பாடி டிமென்ஷியாவா, பக்கவாதத்தால வந்ததான்னு பிரிக்கிறதுல அவர் கில்லாடி. ஜீரியாட்ரிஷியன்னு சொல்ற முதியோர் மருத்துவர் சுகர், பிபி, கீழ விழறது எல்லாத்தையும் சேர்த்துப் பாப்பார். சைக்கியாட்ரிஸ்ட் பாக்குறது சந்தேகம், கோவம், அழுகை, தூக்கம் வராதது, இல்லாத ஆளைப் பாக்குறது, எதுலயும் ஒட்டாம உக்காந்தே இருக்கிறது. இதுலயே வயசானவங்களுக்குன்னு தனியா படிச்ச முதியோர் மனநல மருத்துவர்னு ஒரு ஸ்பெஷாலிட்டி இருக்கு, கிடைச்சா அதிர்ஷ்டம், ஆனா ஆள் கம்மி. கிடைக்கலைன்னா சாதாரண சைக்கியாட்ரிஸ்ட்கிட்டயே ஃபோன்ல ஒரு கேள்வி கேட்டுட்டுப் போங்க, டிமென்ஷியா பேஷன்ட் எத்தனை பேர் பாக்குறீங்கன்னு. கேக்கக் கூச்சமா இருக்கும், கேளுங்க.

தேடறப்ப மெமரி கிளினிக்னு தேடிப் பாருங்க, அங்க எல்லா டாக்டரும் ஒரே இடத்துல இருக்க வாய்ப்பு அதிகம். மெடிக்கல் காலேஜோட சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரியில சைக்கியாட்ரி டிபார்ட்மென்ட்ல வாரத்துல ஒருநாள் முதியோருக்குன்னு ஒதுக்கியிருக்காங்களான்னு விசாரிங்க. அல்சைமர் அசோசியேஷன்னு பல நாட்டுலயும் இருக்கு, அல்சைமர்ஸ் டிசீஸ் இன்டர்நேஷனல்ங்கற கூட்டமைப்புக்குக் கீழ 100-க்கு மேல நாடுகள்ல சங்கம் இருக்கு, எந்த டாக்டர் பொறுமையா பாப்பார்ங்கறது அங்க வர்ற குடும்பங்களுக்குத்தான் தெரியும். அந்தத் தகவல் எந்த ரேட்டிங்லயும் கிடைக்காது.

கூட்டிட்டுப் போறது தனிக் கதை. எனக்கு ஒண்ணும் இல்ல, உனக்குத்தான் மறதின்னு சொல்வாங்க, அது பிடிவாதம் இல்ல, தனக்கு நோய் இருக்கிறதே தெரியாம இருக்கிறதும் இந்த நோயோட பகுதிதான். வாதாடி ஜெயிக்க முடியாது. நாங்க பொதுவா ஒரு செக்கப், தூக்கம் சரியில்லைன்னு சொன்னீங்கல்லன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனோம், தூக்கம் சரியில்லைங்கறது உண்மைதான், பொய் சொல்லல. அவங்க நல்லா இருக்கிற நேரமா பாத்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க, பெரும்பாலும் காலை. கண்ணாடி, காது மெஷின் மறக்காதீங்க. அவங்க எதிர்லயே, இவங்க திருட்டுப் பட்டம் கட்டுறாங்க டாக்டர்னு சொல்லாதீங்க, அவமானம் மட்டும் மறக்காது. ஒரு பேப்பர்ல எழுதி முன்னாடியே கொடுத்துடலாம், இல்ல டாக்டர்கிட்ட தனியா 5 நிமிஷம் கேட்டு வாங்கலாம்.

உள்ள ஒரு டெஸ்ட் வைப்பாங்க, மொத்தம் 30 மார்க். எம்எம்எஸ்இன்னு 1975-ல வந்தது ஒண்ணு, மோகான்னு இன்னொண்ணு. இன்னிக்கு என்ன தேதி, இந்தப் பொருளோட பேர் என்ன, மூணு வார்த்தை சொல்றேன் அப்புறம் கேப்பேன்ங்கற மாதிரி. கடிகாரம் வரையச் சொல்வாங்க, 11 மணி 10 நிமிஷம் காட்டுங்கன்னு. பெரியம்மா வட்டம் அழகா போட்டாங்க, 12-லேர்ந்து 1, 2, 3ன்னு எழுத ஆரம்பிச்சு 12 நம்பரும் வலது பக்கத்துலயே முடிஞ்சிடுச்சு, இடது பக்கம் காலி. முள்ளு வரையச் சொன்னதும் பேனாவை அந்த 10 மேல வச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தாங்க. அப்புறம் 10-லேர்ந்து 11-க்கு ஒரு சின்னக் கோடு போட்டு, சரிதானேன்னு என்னைப் பாத்தாங்க. இந்த இடத்துல நமக்கு உதவணும்னு வாய் துடிக்கும். பேசாம இருங்க. அந்தத் தப்புலதான் டாக்டருக்குத் தகவல் இருக்கு. இன்னொண்ணு, படிப்பு கம்மியா இருக்கிறவங்களுக்கு மார்க் தானாவே குறையும், அதனால என்ன வரைக்கும் படிச்சாங்கன்னு கண்டிப்பா சொல்லிடுங்க. மார்க்கை மட்டும் வச்சு யாரும் அல்சைமர்னு முடிவு பண்ணக் கூடாது.

டிப்ரஷன் பத்தி இங்கயே சொல்லிடுறேன். வயசானவங்களுக்கு டிப்ரஷன் வந்தா சில சமயம் அச்சு அசலா டிமென்ஷியா மாதிரியே இருக்கும். ஒரு வித்தியாசம் சொல்வாங்க, டிப்ரஷன்ல இருக்கிறவங்க எதைக் கேட்டாலும் தெரியல, முடியல, எனக்கு ஞாபகமே நிக்க மாட்டேங்குதுன்னு புலம்புவாங்க, அல்சைமர்ல இருக்கிறவங்க ஏதாவது சொல்லி மழுப்பிட்டு சமாளிப்பாங்க. எல்லாருக்கும் இப்படியே பொருந்தாது, ரெண்டும் சேர்ந்தே வரவும் செய்யும். இதைப் பிரிச்சுப் பாக்க சைக்கியாட்ரிஸ்ட் வேணும்.

இப்ப மாத்திரை. ஞாபகத்துக்குன்னு கொடுக்குறது பழைய மருந்து நாலுதான். டோனெபெசில், ரிவாஸ்டிக்மைன், கேலன்டமைன், இந்த மூணும் ஒரே குடும்பம். மெமன்டைன் வேற வகை, நோய் நடுக்கட்டத்துக்கு வந்ததும் சேர்ப்பாங்க. டோனெபெசில் வழக்கமா 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு 4, 6 வாரம் கழிச்சு 10 ஆக்குவாங்க. வயித்தைப் புரட்டும், லூஸ் மோஷன் ஆகும், நாடித்துடிப்பு குறையலாம், ராத்திரி போட்டா பயங்கரக் கனவு வரும் சிலருக்கு, அப்ப காலையில மாத்திக் கொடுப்பாங்க. வயிறு ஒத்துக்கலைன்னா ரிவாஸ்டிக்மைன் தோல்ல ஒட்டுற பேட்சாவே கிடைக்குது, புதுசு ஒட்டும்போது பழசைப் பிச்சு எடுக்கணும், ரெண்டு ஒட்டினா டபுள் டோஸ். இதெல்லாம் நோயை நிறுத்தாது. கொஞ்ச நாள் இருக்கிற நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும், அவ்ளோதான். மூணு மாசம் கழிச்சு ஒரு மாத்தமும் தெரியலையேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, மோசமாகாம இருக்கிறதே அது வேலை செய்யறதாலயா இருக்கலாம், டாக்டர்கிட்ட பேசிட்டு நிறுத்தலாம்.

நியூஸ்ல வர்ற புது ஊசியையும் சொல்லணும். லெகானெமாப் 2023-ல, டோனனெமாப் 2024-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு. ரத்தக்குழாய் வழியா ஏத்துவாங்க, அமிலாய்டு திட்டைக் கரைக்கும். லெகானெமாப் ஆராய்ச்சியில 18 மாசத்துல நோய் மோசமாகுற வேகம் 27 சதவீதம் குறைஞ்சுதுன்னு வந்துச்சு, கேக்கப் பெருசா இருக்கு, ஆனா 18 மார்க் அளவுகோல்ல வித்தியாசம் 0.45 மார்க்தான். மூளையில வீக்கம், ரத்தக்கசிவு வரலாம்னு அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்கணும், ஆரம்பக் கட்டத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். நடுக்கட்டம் தாண்டினவங்க வீட்ல, நம்மளால அந்த ஊசி போட முடியலையேன்னு குத்த உணர்ச்சியில கரையறதைப் பாத்திருக்கேன். அவங்களுக்கு அந்த ஊசி கிடையவே கிடையாதுங்க.

நம்ம வீட்டைத் தூங்கவிடாம பண்றது மறதி இல்ல, சந்தேகம், கோவம்னு வர்ற இந்த நடத்தை மாத்தம்தான். டிமென்ஷியா வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஏதோ ஒரு கட்டத்துல இது வருது. நல்ல சைக்கியாட்ரிஸ்ட் யாருன்னு இங்கதான் தெரியும். கத்துறாங்கன்னு சொன்னதும் பேட் எடுத்து மருந்து எழுதுறவரா, இல்ல எப்ப, எங்க, யார் இருந்தாங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேக்குறவரா? எங்களுக்குக் கிடைச்ச டாக்டர் அம்மா முதல் நாள் எந்த மருந்தும் புதுசா எழுதல. ஒரு நோட்டு போடுங்க, ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னாங்க. கடுப்பாத்தான் இருந்துச்சு. என் தங்கச்சி எழுதின நோட்டுல ஒரு பக்கம் இப்படி இருக்கும்: செவ்வாய், மாலை 5:40, ஜன்னல் பக்கம் யாரோ நிக்கிறாங்கன்னு சொன்னாங்க, லைட் போடல, மோஷன் போய் 4 நாள் ஆச்சு, ராத்திரி 2 மணிக்கு பர்ஸ், அரை மணி நேரம். புதன், மாலை 6, மறுபடி ஜன்னல், லைட் போட்டதும் நின்னுடுச்சு.

ரெண்டு வாரம் எழுதினதும் நோட்டே பேசுச்சு. இருட்டுற நேரத்துல கண்ணாடியில தெரியற அவங்க நிழலையே வேற ஆள்னு நினைச்சிருக்காங்க. மலச்சிக்கல் இருக்கிற நாள்ல எல்லாம் ராத்திரி கலாட்டா அதிகம். இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல, வலி, மலச்சிக்கல், யூரின் இன்ஃபெக்‌ஷன், பசி, இதை வாயால சொல்ல முடியாதப்ப உடம்பு கோவமா சொல்லும். நாங்க செஞ்சது, 5 மணிக்கே எல்லா லைட்டும், ஜன்னலுக்குத் திரை, மலச்சிக்கலுக்கு மருந்து, பகல்ல ரெண்டு தடவை நடை, அதே மாதிரி இன்னொரு பர்ஸ் வாங்கி ரெடியா. பர்ஸ் காணோம்னா, நான் எடுக்கலைன்னு சொல்றதை விட்டுட்டு, ஐயையோ வாங்க சேர்ந்து தேடலாம்னு சொல்றது. முழுசா நிக்கல. வாரத்துல அஞ்சு ராத்திரி இருந்தது ஒண்ணு ரெண்டு ஆச்சு.

இதெல்லாம் செஞ்சும், அடிக்கிறாங்க, பயத்துல நடுங்குறாங்க, தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்துன்னு இருந்தா அப்ப மருந்து வேணும்தான். ரிஸ்பெரிடோன் மாதிரி ஆன்டிசைக்காடிக், அதாவது மாயத்தோற்றம், வீண் சந்தேகத்தைக் குறைக்கிற மருந்து குறைஞ்ச டோஸ்ல கொடுப்பாங்க, அல்சைமர்ல வர்ற படபடப்பு, ஆக்ரோஷத்துக்குன்னே 2023-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின பிரெக்ஸ்பிப்ரசோலும் இருக்கு. ஆனா தெரிஞ்சுக்கிட்டுக் கொடுங்க. டிமென்ஷியா உள்ள வயசானவங்களுக்கு இந்த வகை மருந்து மரண ஆபத்தைக் கூட்டுதுன்னு 2005-ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கடுமையான எச்சரிக்கை போட்டுச்சு, சுமார் 10 வார ஆராய்ச்சிகள்ல மருந்து சாப்டவங்கள்ல 4.5 சதவீதம் பேரும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்டவங்கள்ல 2.6 சதவீதம் பேரும் இறந்திருந்தாங்க. பக்கவாதம், கீழ விழறது, அதிகத் தூக்கம், உடம்பு விறைக்கிறதும் உண்டு. லூயி பாடி வகையா இருந்தா ஹாலோபெரிடால் மாதிரி பழைய ஆன்டிசைக்காடிக் மருந்து ரொம்ப மோசமான ரியாக்‌ஷன் கொடுக்கும், இல்லாத ஆள் தெரியறதும் நடையில விறைப்பும் சேர்ந்து இருந்தா அதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

அதனால சீட்டு கையில வாங்கும்போதே மூணு கேள்வி, இது எந்த நடத்தைக்கு, வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும், எப்ப நிறுத்துவோம். மூணாவது கேள்வியை யாருமே கேக்குறது இல்ல. அமெரிக்க சைக்கியாட்ரிக் அசோசியேஷனோட 2016 வழிகாட்டுதல்ல, சரியான டோஸ்ல 4 வாரம் கொடுத்தும் பலன் இல்லைன்னா படிப்படியா நிறுத்தணும், பலன் இருந்தாலும் 4 மாசத்துக்குள்ள குறைச்சுப் பாக்கணும்னு இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்ல மூணு வருஷமா ஓடுது, ஏன்னு கேட்டா, முதல்ல எழுதினாங்க அப்படியே வாங்கிட்டு இருக்கோம்ங்கறாங்க.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. நேத்து வரைக்கும் ஓரளவு இருந்தவங்க இன்னிக்கு திடீர்னு ஆளே மாறி, அரை மயக்கமா, இல்ல ஒரேயடியா குழம்பிப் போய், ஒரு மணி நேரம் தெளிவு ஒரு மணி நேரம் குழப்பம்னு இருந்தா அது அல்சைமர் முத்திடுச்சுன்னு அர்த்தம் இல்ல. டெலிரியம்னு பேர். இன்ஃபெக்‌ஷன், தண்ணிச்சத்து குறையறது, சோடியம் குறையறது, புது மருந்து, இப்படி ஏதோ ஒண்ணு பின்னாடி இருக்கும். அன்னிக்கே எமர்ஜென்சிக்குப் போங்க. அல்சைமர் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல நகரும், மணிக்கணக்குல நகராது.

பாத்துக்குற ஆளுக்கும் அதே டாக்டர்கிட்ட ஒரு சீட்டு தேவைப்படலாம். என் தங்கச்சிக்குத் தேவைப்பட்டுச்சு. பர்ஸ் திருடின்னு ஒரு வருஷம் தினம் கேட்டா, நோய்தான் பேசுதுன்னு மூளைக்குத் தெரிஞ்சாலும் மனசுக்கு ஏறாது. பாத்துக்குறவங்களுக்கு டிப்ரஷன் வர்றது ரொம்ப சகஜம், வாரத்துல ஒரு அரை நாளாவது வேற யாராவது வந்து உக்காரணும், அண்ணன் தம்பி ஃபோன்ல விசாரிக்கிறது கணக்குல வராது.

கடைசியா ஒண்ணு, ஆரம்பக் கட்டத்துலயே செய்ய வேண்டியது, நாங்க தற்செயலா செஞ்சது. பேங்க் கையெழுத்து, யார் முடிவெடுக்கிறது, பின்னாடி எந்த வைத்தியம் வேணும் எது வேணாம், இதை அவங்க இன்னும் தெளிவா பேசும்போதே அவங்ககிட்டயே கேட்டு எழுதி வாங்கிடணும், வக்கீல் வேணும்னா வக்கீலை வச்சு. பின்னாடி முழுங்க முடியாம போனா மூக்கு வழியா குழாய் போடலாமான்னு கேள்வி வரும், முத்தின டிமென்ஷியாவுல குழாய் போடுறதால ஆயுசு கூடுறதா ஆராய்ச்சியில தெரியல, கையால ஊட்டுறதையே சிபாரிசு பண்றாங்க. நான் சுத்தி வளைச்சு இதைக் கேட்டப்ப பெரியம்மா, மூக்குல எதுவும் சொருகாத, ரேடியோவை மட்டும் அணைச்சுடாதன்னாங்க. டாக்டர் அம்மா அதை அப்படியே ஃபைல்ல எழுதிக்கிட்டாங்க, ரேடியோ உள்பட.